இசை அரங்கும் இன உணர்வும்

பாடகர் இருவரை எதிரெதிரே அமர்த்தி, இவருள் வல்லவர் யார் என்று தீர்ப்புக் கூறும் வழக்கம் தொலைக்காட்சியோடு பிறந்தது அன்று. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் இசைப் போட்டிக் கதைகள் இரண்டு உள்ளன. ஏமநாதன் என்னும் வடபுலத்துப் பாணன் பாண்டியன் அவைக்கு வந்ததும், பாணபத்திரனுக்காக இறைவனே விறகு விற்பவனாய் வந்து பாடியதும் யாவரும் அறிந்த கதை. 1965இல் அது திரைப்படமாக வந்த பின்னர், புராணம் படியாதவரும் அதனை அறிவர். மற்றொரு கதையை அறிந்தவர் சிலரே. பாணபத்திரனின் மனைவிக்கும், இலங்கையிலிருந்து வந்த பாடினி ஒருத்திக்கும் நடந்த போட்டி அது. 'இசைவாது வென்ற படலம்' என்பது அதன் பெயர். அரசன் ஈழத்துப் பாடினியின் பக்கம் சாய்ந்து தீர்ப்பளித்தான் என்றும், பின்னர் இறைவன் அருளால் உண்மை வெளிப்பட்டது என்றும் கதை செல்கின்றது. நடுவர் நடுநிலை தவறினார் என்னும் முறையீடு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது போலும்! ஆயினும் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்று. அக்கதையில் எவரும், "இவள் கடல்கடந்து வந்தவள், மதுரையில் பாட இவளுக்கு உரிமை இல்லை" என்று கூறவில்லை.

அன்று தீர்ப்பளித்தவன் அரசன். இன்று தீர்ப்பளிப்போர் மக்கள். இம்மாறுதல் சிறிதன்று. அரசன் ஒருவன் தீர்ப்பளித்தால் அது இசை பற்றிய தீர்ப்பாகவே நின்றுவிடும். கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடி வாக்களிக்கும்போது, பாடுபவரின் குரலோடு அவருடைய ஊர், மொழி, பிறப்பு, பட்ட துன்பம் அனைத்தும் தட்டில் ஏறிவிடுகின்றன. இவ்வாறு ஒரு பாட்டுப் போட்டி ஓர் இனத்தின் பெருமைக்குரிய களமாக மாறிய வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். நம் சங்கத்தின் ஆண்டு விழாப் போட்டி குறித்து அண்மையில் எழுந்த ஒரு கேள்விக்கு அவ்வரலாற்றில் விடை இருக்கின்றது என்பது நம் எண்ணம்.

முதலில் அரபு நாடுகளை நோக்குவோம். மொராக்கோ முதல் ஈராக் வரை விரிந்து கிடக்கும் அந்நிலத்தில் எழுத்து மொழி ஒன்று; பேச்சு மொழியோ நாட்டுக்கு நாடு வேறு. யாழ்ப்பாணத்தார் பேச்சும் கோயம்புத்தூரார் பேச்சும் வேறுபடுவதினும் அது மிகுதியான வேறுபாடு. அவர்களை ஒரு குரலால் இணைத்தவர் எகிப்து நாட்டு உம் குல்தும் அம்மையார். மாதந்தோறும் முதல் வியாழன் இரவு கெய்ரோ வானொலியில் அவர் பாட, பல நாட்டு மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்வர். 1953இல் 'அரபுகளின் குரல்' என்னும் வானொலிச் சேவை கெய்ரோவில் தொடங்கியபோது அரசியலும் அந்த இசையோடு கைகோத்துச் சென்றது. 1975இல் அம்மையார் மறைந்தார். அந்த இடத்தை நிரப்ப ஒருவரும் வரவில்லை. வந்தது ஒரு போட்டி.

இங்கிலாந்தில் 2001இல் தோன்றிய 'பாப் ஐடல்' என்னும் நிகழ்ச்சியின் அமைப்பை விலைக்கு வாங்கி, 2003இல் பெய்ரூத் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 'சூப்பர் ஸ்டார்' என்னும் பெயரில் நடத்தியது. பல நாட்டு இளைஞர் வந்து பாடினர். பார்ப்போர் தொலைபேசியாலும் பிற வழியாலும் வாக்களித்தனர். அரையிறுதியில் லெபனான் நாட்டு மெல்ஹம் ஜெய்ன் வெளியேற்றப்பட்டதும், அவர் பாடிய அரங்கிலேயே நாற்காலிகள் பறந்தன. இறுதியில் ஜோர்டானின் டயானா கராசோன், சிரியாவின் ருவைதா அத்தியாவை வென்றார். தோற்ற நாட்டார் வாக்கெண்ணிக்கையை ஐயுற்றனர். வென்ற நாட்டார் தெருவில் ஆடினர். "பாட்டுப் போட்டிக்கு இத்தனை ஆரவாரமா?" என்று எள்ளியவர் பலர். ஆனால், தம் வாக்கு எண்ணப்படுவதை மக்கள் நேரில் கண்ட தேர்தல்கள் அந்நாடுகள் பலவற்றில் அரியனவாக இருந்தன என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2007 மார்ச்சுத் திங்களில் மற்றொரு போட்டியில் ஈராக்கின் சார்பில் ஷதா ஹசூன் வென்றார். தந்தை ஈராக்கியர், தாய் மொராக்கோ நாட்டவர். அவ்வாண்டுகளில் ஈராக்கில் சன்னி, ஷியா என்று ஒரே தெருவார் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தனர். கொடியைப் போர்த்தி நின்ற அப்பெண்ணுக்காக இரு பிரிவினரும் வாக்களித்தனர். இரு பிரிவினரும் மகிழ்ந்தனர். கொலை நின்றுவிடவில்லை, அதனையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வரிசையில் உலகம் முழுதும் பேசப்பட்டவர் காசாப் பகுதியின் கான் யூனிஸ் அகதி முகாமில் வளர்ந்த முகம்மது அசாஃப். 'அரபு ஐடல்' போட்டிக்காகக் கெய்ரோ சென்றபோது எல்லையில் காலம் தாழ்ந்து, தேர்வு நடந்த விடுதியின் கதவு அடைபட்டுவிட, மதில் ஏறிக் குதித்து உள்ளே சென்றார். வரிசை எண் இல்லை. அங்கிருந்த மற்றொரு பாலத்தீன இளைஞர் தம் எண்ணையே அவருக்குக் கொடுத்துவிட்டார். 2013 ஜூன் 22ஆம் நாள் அசாஃப் முதற்பரிசு பெற்றபோது காசாவிலும், மேற்குக் கரையிலும், பல நாடுகளில் சிதறிக் கிடந்த முகாம்களிலும் மக்கள் ஒரே இரவில் ஒரே காட்சியைக் கண்டு மகிழ்ந்தனர். தனி நாடாய் வாழ வகையற்ற ஓர் இனம், பாட்டு மேடையில் தன் பெயரோடு அழைக்கப்பட்டது. எண்ணைக் கொடுத்த இளைஞரைப் பலர் மறந்தனர். நமக்கோ அவரே நெஞ்சில் நிற்கின்றார்.

அதே 2013ஆம் ஆண்டுப் போட்டியில் ஈராக்கின் குர்து இனப் பெண் பர்வாஸ் ஹுசைனும் பாடினார். அரபு அவருடைய தாய்மொழி அன்று. அவரை 'ஈராக்' என்று அறிவிப்பதா, 'குர்திஸ்தான்' என்று அறிவிப்பதா என்னும் வழக்கு மேடையிலேயே எழுந்தது. அரபியர் பெயரால் நடக்கும் போட்டியில் அரபியர் அல்லாதாருக்கு இடம் உண்டா என்று ஒரு சாரார் கேட்டனர். அவரோ அரபுப் பாடல்களைப் பாடிப் பல வாரம் மேடையில் நிலைத்து நின்றார். இவ்வழக்கை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மைசூருக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2007இல் 'இந்தியன் ஐடல்' மூன்றாம் போட்டியில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் பாடினார். கொல்கத்தாக் காவல் துறையில் பணியாற்றியவர். நேபாளி பேசும் கூர்க்கா இனத்தவர். மலை முழுதும் அவருக்காகத் திரண்டது. ஊர் ஊராய்ப் பணம் திரட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் வென்றார். உடனே தில்லி வானொலி அறிவிப்பாளர் ஒருவர், கூர்க்கர் என்றால் காவற்காரர் என்னும் பொருள்பட இழிவாகப் பேச, சிலிகுரியில் கலவரம் மூண்டு இராணுவம் வரவேண்டியதாயிற்று. அடுத்த திங்களே, தனி மாநிலம் கோரும் புதிய கட்சி ஒன்று டார்ஜிலிங்கில் தோன்றியது. அவரோடு இறுதிவரை நின்ற அமித் பால் ஷில்லாங்கைச் சேர்ந்த வங்காளியர். வங்காளியருக்கும் காசி இனத்தாருக்கும் நெடுங்காலம் மனக்கசப்பு நிலவிய ஊர் அது. அவ்வூரார் இனம் பாராது அவருக்கு வாக்களித்தனர். மேகாலய அரசு அவரை நல்லிணக்கத் தூதராக அறிவித்தது. ஒரே போட்டி ஓர் ஊரில் தீ மூட்டிற்று. ஓர் ஊரில் நீர் வார்த்தது.

இனித் தமிழர் கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டையும் ஈழத்தையும் ஒரே பாட்டில் முதலில் இணைத்தது இலங்கை வானொலி. 1952இல் மத்திய செய்தித்துறை அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் இல்லாமற் செய்தார். பாட்டுக்கு ஏங்கிய காதுகள் கொழும்பை நாடின. அதே ஆண்டு அங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி, பாடல்களை வாரந்தோறும் தர வரிசையில் நிறுத்தியது. நேயர்கள் கட்டுக்கட்டாய்க் கடிதம் எழுதினர். மக்கள் வாக்கின் பழைய வடிவம் அது என்று கூறலாம். கொழும்பின் தமிழ்ச் சேவையில் மயில்வாகனன், பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைக் கேட்டு வளர்ந்தோர் நம் சங்கத்து மூத்தவர்களில் பலர். அப்துல் ஹமீது அவர்களின் 'பாட்டுக்குப் பாட்டு' பின்னர்த் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஈழத்தமிழர் ஒருவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பாட வைத்தார், அவருடைய உச்சரிப்பைக் கேட்டு நம் வீட்டுத் தாய்மார், "இதுவல்லவோ தமிழ்!" என்றனர்.

2006இல் விஜய் தொலைக்காட்சியில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது. தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயரைத் தலையில் சூடிக்கொண்டே அது வந்தது. பொதுமக்கள் வாக்கு, நடுவர் கண்ணீர், பிரிவுத் துயர் எல்லாம் அதனோடு வந்தன. குறை கூற வேண்டுமாயின் நிறையக் கூறலாம். குழந்தைகளைத் தோல்வியின்போது அழவிட்டு அதனை மெல்ல மெல்லக் காட்டும் பழக்கம் நமக்கு உவப்பானது அன்று. 2016இல் வென்றவர் முன்னரே திரைப்படத்தில் பாடியவர் என்று பெரிய வாதம் எழுந்தது. வாதிட்டோர் உணர்ச்சியை நாம் குறைத்து மதிக்கவில்லை. வாய்ப்பில்லாதவனுக்கு வாய்ப்பு என்று நம்பி வாக்களித்தவர் அவர்கள்.

ஆயினும் 2015 பிப்ரவரியில் நடந்த இளையோர் இறுதிப் போட்டியை வரலாறு மறவாது. கனடாவில் வளர்ந்த ஈழத்துச் சிறுமி ஜெசிக்கா, தாய்நாட்டைப் பிரிவோர் பாடும் பாடல் ஒன்றை அம்மேடையில் பாடினார். போர் முடிந்து ஆறு ஆண்டு நிறைவதற்குள் அது நடந்தது. டொரண்டோ, இலண்டன், பாரிசு முதலிய நகரங்களில் பனிக்கால இரவில் விழித்திருந்தோர் வாக்களித்தனர். அவருக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு, 1 கிலோ பொன். அதனைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு அளிப்பதாக மேடையிலேயே அறிவித்தனர். முதற்பரிசு பெற்றவர் யார்? பெங்களூரிலிருந்து சென்ற ஸ்பூர்த்தி. கன்னட நாட்டிலிருந்து சென்ற குழந்தை தமிழ் பாடி வென்றதை எண்ணி மகிழ்வதா, ஈழத்துக் குழந்தைக்கு முதலிடம் கிட்டாததை எண்ணி வருந்துவதா என்று நம் வீடுகளில் அன்றிரவு வழக்கு நடந்தது. நம் வீட்டில் அது மறுநாட் காலைச் சிற்றுண்டி வரை நீடித்தது.

2023 டிசம்பரில், ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப' இளையோர் போட்டியில் யாழ்ப்பாணத்து அரியாலைச் சிறுமி கில்மிஷா முதற்பரிசு பெற்றார். அதே போட்டியில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி அசானியும் பாடினார். மலையகத் தமிழரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாய்க் கடல் கடந்து சென்று 200 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய ஆண்டு அது. தோட்டத்து வீடுகளின் வாழ்வு எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டு இல்லங்கள் பல அன்றுதான் கண்டன. நூல்களும் தீர்மானங்களும் எட்டாத அடுப்படி வரைக்கும் அச்சிறுமியின் குரல் சென்றது.

இனி நம் ஊர். மைசூருக்கும் ஒலிபரப்புக்கும் உள்ள உறவு பழமையானது. மைசூர்ப் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு இட்ட 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னாளில் இந்தியா முழுமைக்கும் உரியதாயிற்று. இசைக்கும் இவ்வூர் தாய்வீடு. திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூரிலிருந்து வந்த முத்தையா பாகவதரை நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரண்மனை வித்துவானாக அமர்த்தினார். பாகவதர் சாமுண்டீசுவரி அம்மன்மீது 108 கீர்த்தனைகள் இயற்றினார். எந்த மொழியில்? கன்னடத்தில்! தமிழராகிய அவரை, "நீர் எப்படி எங்கள் மொழியில் பாடலாம்?" என்று மைசூரார் கேட்கவில்லை. பொன்னும் பட்டமும் அளித்தனர்.

அக்கடனுக்கு மறுமொழி போல ஒரு நிகழ்ச்சி 2018இல் நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் காவிரி வழக்கில் இறுதித் தீர்ப்பு வழங்கி, தமிழ்நாட்டின் பங்கை 177.25 ஆயிரம் மில்லியன் கன அடியாக வரையறுத்தது. இரு மாநிலத்தும் மனம் கொதித்திருந்த காலம். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இவ்வூர்த் தமிழர் பட்ட பாட்டை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததையும், கேபிள் வழியே வந்த தமிழ்த் தொலைக்காட்சிகள் நின்றுபோனதையும் நாமே கண்டோம். எல்லை தாண்டும் வண்டிகள் ஓடுமா ஓடாவா என்று பயணிகள் கேட்க, விடை கூற இயலாது சாளரத்தின் பின்னே அமர்ந்திருப்பது எத்தகைய துன்பம் என்பதை இரயில்வேப் பணியாளர் அறிவர். பாட்டுப் போட்டி பார்க்கவும் வழியில்லாத நாட்கள் அவை.

இந்நிலையில், 2018 ஜூலையில் நடந்த 'சூப்பர் சிங்கர்' ஆறாம் இறுதிப் போட்டியில் இருவர் முன்னணியில் நின்றனர். ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ். மற்றொருவர் நம் மைசூரைச் சேர்ந்த ரக்ஷிதா சுரேஷ்; சிறு வயதிலேயே கன்னடத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் முதற்பரிசு பெற்றவர். முறையாகப் பயின்ற குரல் ஒரு புறம். வயல்வெளியில் வளர்ந்த குரல் மறுபுறம். வென்றவர் செந்தில் கணேஷ். வேட்டியும் துண்டுமாய் நின்று கிராமியப் பாட்டைப் பாடியவருக்கு இவ்வளவு பெரிய மேடை வசப்பட்டதில் நமக்குப் பெருமகிழ்ச்சி. அதே வேளையில், காவிரி வழக்கு நடந்த ஆண்டில், காவிரிக்கரை நாட்டிலிருந்து சென்ற பெண்ணைத் தமிழ் மக்கள் இரண்டாம் இடம் வரை உயர்த்தினர் என்பதை இங்குள்ள நாம் அன்றோ உரக்கச் சொல்லுதல் வேண்டும்? 2022இல் வந்த 'பொன்னியின் செல்வன்' படத்தில் அவர் பாடினார். பொன்னி என்பதும் காவிரியின் பெயரே.

மைசூர்த் தமிழர் எந்தப் பக்கம் வாக்களித்தனர் என்று நம்மைக் கேட்டால், இரண்டு பக்கமும் என்பதே விடை. ஒரே வீட்டில் தகப்பனார் புதுக்கோட்டைக்கும் மகள் மைசூருக்கும் வாக்களித்ததை நாம் அறிவோம். பெயர்ந்து வந்து வாழ்வோரின் நிலை இதுவே. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும். பலருக்கு எழுதத் தெரியாது. தமிழ்ப் பாடலைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகின்றனர். ழகரம் அவர்களிடம் சற்றுத் தடுமாறுகின்றது. ஆயினும் பாட்டின் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்த அரைமணி நேரமே பல வீடுகளில் தமிழ் வகுப்பாக இருக்கின்றது.

சங்கத்தின் ஆண்டு விழாப் பாட்டுப் போட்டி குறித்து எழுந்த கேள்வியைத் தொடக்கத்தில் குறித்தோம். அதனை இனி வெளிப்படக் கூறுவோம். அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைகளும், தெலுங்கு, கொங்கணி பேசும் இல்லத்துப் பிள்ளைகளும் நம் போட்டியில் கலந்துகொண்டு பரிசு பெறுகின்றனர். ஆதலால் இனித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே பாடலாம் என்று விதி செய்தல் வேண்டும் என்று பெரியோர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் கூறும் காரணம் அற்பமானது அன்று. "சங்கம் நம் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது, பரிசும் கைதட்டலும் இல்லையேல் அவர்கள் தமிழ்ப் பக்கம் எட்டிப் பாரார், இசை வகுப்புக்குப் பணம் கட்ட வசதியுள்ள பிள்ளையோடு நம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை எப்படிப் போட்டியிடும்?" என்று கேட்கின்றனர். 1991ஐ நேரில் கண்டவர்கள் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை.

ஆயினும் நாம் அதற்கு உடன்பட இயலவில்லை. ஒரு கன்னடத் தாய் தன் பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டை மனப்பாடம் செய்வித்து, பட்டுப்பாவாடை உடுத்தி, நம் மன்றத்துக்கு அழைத்து வருகின்றாள். தெருவில் தமிழ் பேசத் தயங்கிய நாட்களை அறிந்த நமக்கு இதனினும் பெரிய மரியாதை எது? பர்வாஸ் ஹுசைனை நோக்கி எழுந்த கேள்வியை நாம் ஒரு பத்து வயதுக் குழந்தையை நோக்கி எழுப்புவதா? பாகவதரை மைசூர் அவ்வாறு கேட்டிருந்தால் 108 கீர்த்தனைகள் ஏது?

தொழிலாளர் வீட்டுப் பிள்ளை பின்தங்குவது மெய். அதற்கு வேறு வழி தேடலாம். நாட்டுப்புறப் பாட்டுக்கு எனத் தனிப் பிரிவு அமைத்தால், பாட்டி சொல்லிக்கொடுத்த தாலாட்டோடும் நடவுப் பாட்டோடும் அப்பிள்ளை அச்சமின்றி மேடை ஏறும். விழாவுக்கு முன் இரண்டு திங்கள் ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் பாட்டுப் பயிற்சி இலவசமாக நடத்தலாம். கற்பிக்க மனமுள்ளோர் நம்மிடையே உள்ளனர். மக்கள் வாக்கு மட்டும் நமக்கு வேண்டா. கைதட்டலின் அளவால் பரிசு கொடுத்தால், உறவினர் மிகுந்த குடும்பமே எப்போதும் வெல்லும் என்பதைச் சென்ற சில விழாக்களில் கண்டோம்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கான விண்ணப்பத் தாள் இன்னும் அச்சாகவில்லை. அதில் 'தாய்மொழி' என்னும் கட்டத்தை நீக்கிவிட்டு, பாடல் தமிழில் இருத்தல் வேண்டும் என்னும் ஒரு வரியை அச்சிடுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கின்றோம். வயது வரம்பும், ஐந்து நிமிட வரம்பும் பழையபடியே இருக்கலாம். பாடல் வரிகளைக் கன்னட எழுத்தில் எழுதி எடுத்து வருவதற்குத் தடை இல்லை என்பதையும் அடியில் குறித்துவிட்டால் பிள்ளைகள் அச்சமின்றி வருவர்.